பாங்கு என்ன சொல்கிறது?

எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு எதிர்வீட்டில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, தினம் அஞ்சு வேளை அக்பர் ராஜாவ எதுக்குக் கூப்பிடுறாங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை. இத்தனை வருடமும் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

முகலாய அரசர் அக்பர் பிறந்தது 1542இல். தொழுகைக்கு அழைக்கும் பாங்கோ அதற்குச் சுமார் 900 வருடங்களுக்கு முன்பே மதீனாவில் ஒலித்துவிட்டது. அதை முதலில் சொன்னவர் பிலால். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். 'அக்பர்' என்ற அரபுச் சொல்லுக்கு 'மிகப் பெரிய' என்று பொருள். அந்தச் சொல்லை அரசருக்குப் பெயராக வைத்தார்கள், அவ்வளவுதான்.

பாங்கின் வரிகள் இவை. 'அல்லாஹு அக்பர்', இறைவன் மிகப் பெரியவன்: நான்கு முறை. 'வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை என்று சாட்சி சொல்கிறேன்': இரண்டு முறை. 'முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி சொல்கிறேன்': இரண்டு முறை. 'தொழுகைக்கு வாருங்கள்', 'வெற்றியின் பக்கம் வாருங்கள்': இரண்டிரண்டு முறை. மறுபடி இறைவன் மிகப் பெரியவன், கடைசியாக 'அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் யாருமில்லை'. விடியற்காலைப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடும்: 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது.' அந்த வரியைக் கேட்டபடியே புரண்டு படுத்த நாட்கள் எனக்கும் உண்டு.

மார்க்கத்தின் அடிப்படை இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்த இரண்டு சாட்சி வரிகளைத்தான் கலிமா என்கிறோம். மனதார நம்பி அதைச் சொன்னவர் முஸ்லிம். ஞானஸ்நானம் மாதிரியான சடங்கு எதுவும் கிடையாது. 'இஸ்லாம்' என்ற சொல்லுக்கே இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தல் என்றுதான் பொருள். நாங்கள் சந்திக்கும்போது சொல்லும் 'ஸலாம்', அதாவது அமைதி, அதே வேர்ச்சொல்லில் பிறந்தது.

முதல் சாட்சி எதிர்மறையில் தொடங்குவதைக் கவனியுங்கள். 'யாருமில்லை' என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அதன் பிறகே ஒருவனை வைக்கிறது. இந்த ஒருமைக்குத் தவ்ஹீத் என்று பெயர். குர்ஆனின் 112ஆவது அத்தியாயம் நான்கே வசனத்தில் இதைச் சொல்லி முடிக்கிறது: இறைவன் ஒருவன், அவனுக்கு எந்தத் தேவையும் இல்லை, அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவுமில்லை, அவனுக்கு நிகர் எதுவுமில்லை. இதைப் பிடித்துக்கொண்டால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். முஸ்லிம்கள் பிறையைக் கும்பிடுகிறார்களா, மக்காவிலுள்ள கஃபா என்ற கட்டடத்தைக் கும்பிடுகிறார்களா, நபியைக் கும்பிடுகிறார்களா என்ற கேள்விகளை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

நபியிலிருந்து தொடங்குகிறேன். முஹம்மது நபி மக்காவில் கி.பி. 570 வாக்கில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். வணிகர். சுமார் நாற்பது வயதில், 610இல், மக்காவுக்கு அருகிலுள்ள ஹிரா குகையில் இருந்தபோது ஜிப்ரீல் என்ற வானவர் வழியாக அவருக்கு முதல் இறைச்செய்தி வந்தது என்பது எங்கள் நம்பிக்கை. முதல் சொல் 'ஓதுவீராக'. அதிலிருந்து 23 வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததன் தொகுப்புதான் 114 அத்தியாயங்கள் கொண்ட குர்ஆன். மக்காவில் எதிர்ப்பு முற்றியபோது, 622இல் அவர் மதீனாவுக்குப் பெயர்ந்தார். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அந்தப் பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது; அவர் பிறந்த நாளிலிருந்து தொடங்கவில்லை. 632இல் அவர் இறந்தபோது, அதை நம்ப மறுத்துக் கலங்கி நின்ற கூட்டத்திடம் தோழர் அபூபக்கர் சொன்னது புகழ்பெற்றது: முஹம்மதை வணங்கியவர்கள் தெரிந்துகொள்ளட்டும், அவர் இறந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்கியவர்கள் தெரிந்துகொள்ளட்டும், அவன் உயிரோடிருக்கிறான். நபியின் மீது எங்களுக்கு அளவில்லாத அன்பு உண்டு. அவருடைய சொல்லும் செயலும் 'ஹதீஸ்', தமிழில் நபிமொழி, குர்ஆனுக்கு அடுத்த வழிகாட்டி. ஆனாலும் அவர் மனிதர். அவருக்குப் படமோ சிலையோ இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அவர் கடைசி நபி; முதல் நபி ஆதம். நடுவில் நூஹ், இப்ராஹீம், மூஸா, தாவூத், ஈஸா என்று குர்ஆன் 25 பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கிறிஸ்தவ நண்பர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். நோவா, ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு ஆகியோரேதான். ஈஸா நபி தந்தையில்லாமல் பிறந்தவர் என்று நாங்களும் நம்புகிறோம். அவருடைய தாய் மர்யமின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவரை இறைமகன் என்று சொல்லும் இடத்தில்தான் வழி பிரிகிறது. ஏனென்றால் அங்கே அந்த நான்கு வசனங்கள் குறுக்கே நிற்கின்றன. இவற்றோடு வானவர்கள், முந்தைய வேதங்கள், மறுமை நாள், இறைவனின் விதி ஆகியவற்றை நம்புவதும் ஈமானில், அதாவது எங்கள் அடிப்படை நம்பிக்கையில், சேரும். மறுமை என்றால், இறந்தவர்கள் எழுப்பப்பட்டு, செய்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நாள். மறுபிறவி கிடையாது, இருப்பது இந்த ஒரு வாழ்க்கை, ஒரு விசாரணை.

இனி தொழுகை. ஓதல், நிற்றல், குனிதல், நெற்றி தரையில் படும் ஸஜ்தா, உட்காருதல் ஆகியவை சேர்ந்த ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். விடியலில் சுபுஹ் 2, நண்பகலுக்குப் பின் லுஹர் 4, மாலையில் அஸர் 4, சூரியன் மறைந்ததும் மஃரிப் 3, இரவில் இஷா 4. மொத்தம் 17 ரக்அத் கடமை. ஒரு ரக்அத்துக்கு இரண்டு ஸஜ்தா என்பதால், ஒரு நாளைக்கு 34 முறை நெற்றி தரையைத் தொடும். அதற்கு முன் ஒளு செய்ய வேண்டும்: முகம், முழங்கைவரை கைகள், தலை, கணுக்கால்வரை பாதம் என்று தண்ணீரால் சுத்தம் செய்வது. பழைய பள்ளிகளில் இதற்கென்றே ஹவுலு என்ற தண்ணீர்த் தொட்டி உண்டு.

நேரங்கள் முழுவதும் சூரியனை வைத்துத்தான். நிழல் ஒரு பொருளின் உயரத்துக்குச் சமமாக நீளும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி சட்டப்பள்ளியின் கணக்கு; இரு மடங்காக நீள வேண்டும் என்பது ஹனஃபி கணக்கு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. அதனால் அஸர் பாங்கு ஊருக்கு ஊர் முன்பின்னாகும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. இப்படிச் சூரியனையே கடிகாரமாக வைத்துக்கொண்ட மார்க்கம், சூரியன் உதிக்கும் நேரத்திலும், உச்சியில் நிற்கும் நேரத்திலும், மறையும் நேரத்திலும் விருப்பத் தொழுகை தொழ வேண்டாம் என்று தடுக்கிறது. உதிப்பதும் மறைவதும் சூரியனை வணங்குகிறவர்கள் வணங்கும் நேரம் என்று நபிமொழி காரணமும் சொல்கிறது. நேரம் காட்டுவதோடு சூரியனின் வேலை முடிந்தது.

கஃபாவும் அப்படித்தான். உலகில் எங்கிருந்தாலும் தொழுகையில் முகம் திருப்பும் திசை அது. கிப்லா என்பது அதன் பெயர். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் மேற்கு, சற்றே வடக்குச் சாய்ந்து. நபி மதீனா வந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஜெருசலேத்தை நோக்கித்தான் தொழுதார்கள்; பிறகுதான் திசை கஃபாவுக்கு மாறியது. கஃபாவின் மூலையில் பதித்த கறுப்புக் கல்லை முத்தமிட்ட நபித்தோழர் உமர், "நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்ற பொருளில் சொன்னது பதிவாகியிருக்கிறது.

பள்ளிவாசலுக்குள் போனால் வெறுமைதான் முதலில் கண்ணில் படும். பாய், மேற்குச் சுவரில் ஒரு மாடக்குழி, வெள்ளிக்கிழமை உரைக்கு ஏறி நிற்க மிம்பர் என்ற படிமேடை. கீழக்கரையின் பழைய பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும் கல் தூண்கள். பூவும் கொடியும் இருக்கும். தூண்களில் ஓர் உருவம் இருக்காது. முன்னால் நின்று தொழவைக்கும் இமாம் பூசாரி அல்லர். அவர் இல்லாவிட்டால் ஓதத் தெரிந்த எவரும் முன்னால் நிற்கலாம். பெண்கள் பள்ளிக்கு வரக் கூடாதா என்பார்கள். மக்காவிலும் மதீனாவிலும் பெண்கள் பள்ளியில்தான் தொழுகிறார்கள். நம் ஊர்களில் பல பள்ளிகளில் பெண்களுக்கு இடம் கட்டவில்லை. கட்டாததற்கு மார்க்கத்தைக் காரணமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இனி பிறை. கொடிகளிலும் பள்ளிவாசல் கோபுரங்களான மனோராக்களிலும் இருப்பதால் அதைத் தெய்வச் சின்னம் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்குப் பிறை ஒரு நாட்காட்டி. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். வருடம் சுமார் 354 நாள். ஆங்கில வருடத்தைவிடப் பதினோரு நாள் குறைவு என்பதால், ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகர்ந்துகொண்டே போய், ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். சித்திரை வெயிலில் நோன்பு வைத்தவருக்கு மார்கழிக் குளிரிலும் வாய்க்கும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை ரமலான் பிறக்கும். 29ஆம் நாள் மாலை மாடியில் ஏறி மேற்கு வானத்தைப் பார்த்து நிற்பது சின்ன வயதில் திருவிழா மாதிரி இருக்கும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவிப்பார். சிலர் சவூதி அறிவிப்பையும் சிலர் கணக்கையும் பின்பற்றுவதால், ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் நடப்பதும் உண்டு. அண்ணன் வீட்டில் பிரியாணி, தம்பி வீட்டில் நோன்பு.

நோன்பைப் பற்றி எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு சந்தேகம்: "எச்சில்கூட முழுங்கக் கூடாதாமே?" தாராளமாக விழுங்கலாம். வைகறை முதல் சூரியன் மறையும்வரை உணவு, தண்ணீர், தாம்பத்தியம் மூன்றும் கூடாது. வைகறைக்கு முன் ஸஹர் சாப்பாடு. தூங்கிவிடாமலிருக்கத் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு பக்கீர்கள் தெருவில் வருவார்கள். இப்போது செல்போன் அலாரம். நோயாளி, பயணி, கர்ப்பிணி, மாதவிலக்கில் இருக்கும் பெண் ஆகியோர் அந்த நாட்களை விட்டுவிட்டுப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மீளவே முடியாத நோயும் முதுமையும் உள்ளவர், நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். பொய், புறம்பேசல், சண்டை ஆகியவற்றை விடாமல் சோறு தண்ணீரை மட்டும் விட்டவரின் பட்டினி இறைவனுக்குத் தேவையில்லை என்று நபிமொழி கறாராகச் சொல்கிறது. வயிற்றைக் கட்டுவது எளிது, வாயைக் கட்டுவதுதான் பாடு.

மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறப்போம். பிறகு கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், வசதியிருந்தால் கொஞ்சம் கறி. மதியத்துக்கு மேல் பள்ளியில் பெரிய அண்டாவில் கொதிக்கும். தூக்குச் சட்டியோடு எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். இதற்காகத் தமிழ்நாட்டு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. அரபு நாட்டில் இந்தக் கஞ்சியைத் தேடினால் கிடைக்காது. 'நோன்பு' என்ற சொல்லும் அப்படித்தான். ஆண்டாள் இருந்த பாவை நோன்பிலும் அதே சொல்தான். 'தொழுகை' எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 'பள்ளி', சமணர்களும் பௌத்தர்களும் தங்கள் மடங்களுக்கு வைத்திருந்த பெயர்.

ஜகாத்தைத் தர்மம் என்று பெயர்த்தால் தப்பாகிவிடும். தர்மம் விருப்பம், ஜகாத் கடமை, கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது. சுமார் 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல், அல்லது அதன் மதிப்புள்ள சேமிப்பு ஒரு பிறை வருடம் முழுதும் கையிலிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது. நாற்பது லட்சத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். (வெள்ளிக் கணக்கில் எல்லை இன்னும் குறைவு.) குடியிருக்கும் வீட்டுக்கும் உடுத்தும் துணிக்கும் கிடையாது. மழையில் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதென்றால் இருபதில் ஒன்று. உழைப்பு கூடினால் வரி குறைகிறது. பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பது பழைய வழக்கு. ஹனஃபிகள் உண்டு என்பார்கள். அளவோடு அணியும் நகைக்கு இல்லை என்பார்கள் ஷாஃபிகள். ஷாஃபி ஊரில் பெண் எடுத்த ராவுத்தர் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் பொழுது போவதே தெரியாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழை, கடனில் மூழ்கியவர், வழிப்போக்கர் எல்லாம் அதில் உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கொடுத்தால் ஜகாத் ஆகாது. அவர்களைப் பார்ப்பது ஏற்கெனவே உங்கள் பொறுப்பு.

மக்காவுக்குப் போகும் ஹஜ் பயணம், உடலாலும் பணத்தாலும் முடிந்தவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை. ஆண்கள் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துண்டோடு போவார்கள். அமைச்சரும் அவருடைய டிரைவரும் ஒரே உடையில் இருப்பார்கள். கஃபாவை ஏழு முறை சுற்றுவதும், 12ஆவது மாதத்தின் 9ஆம் நாள் அரஃபா வெளியில் நிற்பதும் அதன் உயிர். அதில் என்னை எப்போதும் தொடுவது ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை நடப்பதுதான். இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா, கைக்குழந்தை இஸ்மாயிலுக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டம் அது. அன்று ஒரு தாய் ஓடியதை இன்றைக்கும் மன்னரிலிருந்து மீனவர்வரை போட்டதைப் போட்டபடி நடந்து பார்க்கிறார்கள். குழந்தையின் காலடியில் பீறிட்ட ஊற்றுதான் ஜம்ஜம். ஹஜ்ஜுக்குப் போன வாப்பா திரும்பியபோது கேனில் கொண்டுவந்த அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்னக் குவளையில் ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு தெரு முழுக்கக் கொடுத்தோம். அந்த நாட்களை ஒட்டி வருவதுதான் ஹஜ்ஜுப் பெருநாள், ஊர் வழக்கில் பக்ரீத். அன்று பலியிடும் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, ஏழைக்கு என்று பிரிப்பது வழக்கம்.

பன்றி இறைச்சி, மது, வட்டி ஆகியவை விலக்கப்பட்டவை, ஹராம். முதலிரண்டில் காட்டும் கண்டிப்பை மூன்றாவதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் காட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருமணம் ஓர் ஒப்பந்தம். மணமகன்தான் மணமகளுக்கு மஹர் என்ற மணக்கொடை கொடுக்க வேண்டும். நம் மண்ணின் வரதட்சணை அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

நல்லடியார்கள் அடக்கமான தர்காவைச் சொல்லாமல் விட்டால் நாகூருக்குப் போய் வந்தவர்கள் விடமாட்டார்கள். சந்தனக்கூடு, கந்தூரி, கொடியேற்றம் என்று அங்கே நடப்பதும், நான் மேலே சொன்னதும் எப்படிப் பொருந்தும்? எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. நல்லடியாரின் பொருட்டால் இறைவனிடமே கேட்கிறோம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். கப்ரில், அதாவது அடக்கக் குழியில், போய்க் கேட்பது கலிமாவுக்கே முரண் என்பார்கள் இன்னொரு சாரார். நாகூரின் மிக உயரமான மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். இன்றும் வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். இரு சாராரும் ஒன்றைக் கவனித்தால் நல்லது: வாதம் முழுக்க அந்தக் கலிமாவை யார் சரியாகக் காப்பது என்பதைப் பற்றியதுதான். சன்னி, ஷியா பிரிவு இதிலிருந்து வேறு. நபிக்குப் பின் தலைமை யாருக்கு என்ற கேள்வியில் தொடங்கியது. தமிழ் முஸ்லிம்களில் ஷியாக்கள் மிகச் சிலரே.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்ததும், அத்தாவோ வாப்பாவோ தாத்தாவோ அதன் வலது காதில் மெல்லப் பாங்கு சொல்வார்கள், தெருவுக்குச் சொல்லும் அதே வரிகளை. இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்குப் பாங்கு கிடையாது. குனிவதும் ஸஜ்தாவும்கூட இல்லை. எல்லோரும் நின்றபடி நான்கு தக்பீர், அதாவது நான்கு முறை 'அல்லாஹு அக்பர்', அவ்வளவுதான். மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, வெள்ளைத் துணியில் சுற்றி, சந்தூக்கு என்ற பெட்டியில் தூக்கிப் போய், கிப்லாவைப் பார்த்து வலப்பக்கமாகச் சாய்த்துக் கப்ரில் வைப்பார்கள். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். எதிர்வீட்டு அக்காவின் கணவர் என் வாப்பாவுக்குப் போட்டார்.